அறுபத்து மூன்று செடிகளுக்கு ஒரு சாட்சி

கும்மிடிப்பூண்டியில் ஒரு டைல்ஸ் கடையின் மாடியில் இயங்கிவந்த வனத்தாவரச் சமுதாய மேலாண்மை இயக்ககத்தை யாரும் வனத்துறையோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இயக்ககமே அப்படி ஒரு பலகை எழுதி மாடிப்படி அருகே மாட்டியிருந்தது. காட்டைப் பார்த்துக்கொள்ள வனத்துறை இருந்தது. காட்டுக்குள் எந்தச் செடிக்குப் பக்கத்தில் எந்தச் செடி முளைக்கிறது, எதன் நிழலில் எது பிழைக்கிறது, மேலே ஒரு மரம் போனால் கீழே இருப்பவை என்ன ஆகின்றன என்பதையெல்லாம் கவனித்து மேலாண்மை செய்வது இயக்ககத்தின் வேலை. அதுவரை செடிகள் மேலாண்மை இல்லாமலே அக்கம்பக்கமாக வாழ்ந்துவந்தன. அது ஒரு பெரிய குறை என்று முதலில் கண்டுபிடித்தவர் சிறப்பு அலுவலர் ராஜமாணிக்கம்.

இங்கேதான் சாம்சன் தற்காலிகக் களப்பணியாளராகச் சேர்ந்தான். வயது நாற்பத்து மூன்று. அதற்கு முன் பதினாறு வருடம் சிப்காட்டில் ஒரு இரும்பு உருட்டாலையில் உலைக்குப் பக்கத்தில் நின்றவன். ஆலையை மூடியபோது முழங்கையில் இரண்டு தீத்தழும்போடு வீட்டுக்கு வந்தான். மனைவி கிறிஸ்டினா ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தாள். ஒன்றரை வருடம் அவள் வேலைக்குப் போய்வர, அவன் வீட்டில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான். ஆகவே செடியை எண்ணும் வேலை என்றதும் அவன் யோசிக்கவில்லை.

நேர்முகத் தேர்வில் ஒரே கேள்விதான். கம்யூனிட்டி பற்றி என்ன தெரியும் என்று ராஜமாணிக்கம் கேட்டார். சாம்சன் பையிலிருந்து சாதிச் சான்றிதழை எடுத்து நீட்டினான். அசல் ஒன்று, நகல் இரண்டு. ராஜமாணிக்கம் அதைப் பொறுமையாகப் படித்துப் பார்த்துவிட்டு, செடிகளுக்கும் கம்யூனிட்டி உண்டு என்றும், அவற்றிடம் சான்றிதழ் இல்லாததால்தான் இவ்வளவு ஆய்வு தேவைப்படுகிறது என்றும் விளக்கினார். சாம்சனுடைய சான்றிதழ் ஒழுங்காக இருந்ததால் வேலை கிடைத்தது.

அவன் பொறுப்பில் விடப்பட்டது ஊத்துக்கோட்டைப் பக்கம் காப்புக்காட்டில் பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் சதுரம். மாதிரிக் கட்டம் எண் ஏழு. நான்கு மூலையிலும் மஞ்சள் பெயின்ட் அடித்த கம்பு, சுற்றிலும் நைலான் கயிறு. ஒன்று முதல் ஆறு வரை எங்கே இருக்கின்றன என்று அவன் ஒருமுறை உதவி அலுவலர் அன்புசெல்வனிடம் கேட்டான். அவை திட்டத்தில் இருக்கின்றன, தரையில் இல்லை என்றார் அன்புசெல்வன். நல்ல மனிதர். எதையும் மறைத்துப் பேசத் தெரியாது.

மாதம் ஒருமுறை கட்டத்துக்குள் எத்தனை வகைச் செடி இருக்கிறது என்று எண்ணிப் படிவத்தில் எழுத வேண்டும். பெயர் தெரியாவிட்டால் இயக்ககத்தின் தாவரவியலாளரைக் கேட்கலாம் என்று படிவத்தின் அடியில் போட்டிருந்தது. தாவரவியலாளர் பணியிடம் இயக்ககம் தொடங்கிய நாளிலிருந்து காலி. அந்த நாற்காலியில் ஃபைல் அடுக்கியிருந்தார்கள். சாம்சன் தனக்குத் தெரிந்தவரை எழுதினான். 'செடி ஒன்று, முள் உள்ளது. செடி இரண்டு, முள் இல்லாதது. செடி மூன்று, முதல் செடி போலவே, ஆனால் வேறு.'

இரண்டாம் வாரத்தில் கயிற்றுக்கு உள்ளே ஒரு பெண் குந்தி உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருப்பதைப் பார்த்தான். ஐம்பதை நெருங்கிய வயது. பெயர் கங்கம்மா. காட்டை ஒட்டிய ஊர். முன்பு கூலிக்கு நாற்று நட்ட நிலமெல்லாம் கம்பெனிக் கிடங்கு ஆகிவிட, நன்னாரி வேர் தோண்டி ஊத்துக்கோட்டையில் சர்பத் கடைக்கும் நாட்டு மருந்துக் கடைக்கும் கொடுத்துக்கொண்டிருந்தாள். கயிற்றைத் தாண்டி வரக் கூடாது என்று சாம்சன் சொன்னான்.

"கயிறு நேத்து கட்டினது தம்பி. நான் இருவது வருசமா வந்துக்கினு கீறேன்" என்றாள் அவள், நிமிராமலே.

பிறகு அவன் கையிலிருந்த தாளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டாள். அவன் படித்துக் காட்டினான். அவள் வாயைப் பொத்திக்கொண்டு வெகுநேரம் சிரித்தாள். சிரித்து முடித்தபின் முள் உள்ளது களா, முள் இல்லாதது கொஞ்சி, முதல் செடி போலவே ஆனால் வேறானது சூரை என்று சொன்னாள்.

அன்றிலிருந்து அவள் வரும் நாளெல்லாம் அவன் பெயர் கேட்டான். நடுவில் நின்ற பெரிய மரம் வீரை. அதன் அடியில் எப்போதும் ஈரம். உதிர்ந்த இலை மக்கிக் கிடந்த அந்த ஈரத்தில் காசா, கொஞ்சி, தண்ணீர்விட்டான் கொடி. வெயில் சாயும் ஓரத்தில் காரை, களா, தொரட்டி. இரண்டுக்கும் நடுவே நன்னாரி. ஒவ்வொன்றும் ஏன் அங்கே நிற்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. வீரை நிழல் போய்விட்டால் அடியில் இருப்பதெல்லாம் ஒரு கோடைக்குக் கூடத் தாங்காது, அப்புறம் உண்ணிச்செடி வந்து உட்கார்ந்துகொள்ளும் என்றாள். வேர் தோண்டும்போது தாய்வேரை விட்டுவிட்டுப் பக்கவேரை மட்டும் எடுத்தாள். குழியை மூடி, மேலே சருகைத் தள்ளிவிட்டுத்தான் எழுந்தாள்.

சாம்சன் எதையும் ஒழுங்காகச் செய்கிறவன். ஆலையில் உலைச் சூட்டைக் குறித்துவைத்த பழக்கம். களக்குறிப்பேட்டில் தேதி போட்டு எழுதினான்: 'கங்கம்மா வந்தார். மூன்று பெயர் சொன்னார். நன்னாரி ஒரு பிடி எடுத்தார்.' இப்படி இருபத்திரண்டு நாள். முடிவில் பட்டியல் அறுபத்து மூன்றில் வந்து நின்றது.

அறுபத்து மூன்று என்றதும் ராஜமாணிக்கம் அது நாயன்மார் எண்ணிக்கை என்று மகிழ்ந்துபோனார். பளபளப்பான தாளில் அறிக்கை அச்சாயிற்று. 'இயக்ககத்தின் தாவரவியல் பிரிவு மேற்கொண்ட கடும் ஆய்வின் பயன்' என்று முன்னுரையில் எழுதியிருந்தார். அந்தப் பிரிவின் நாற்காலியில் அப்போதும் ஃபைல்தான் இருந்தது. மேலிடத்திலிருந்து ஒரு குழு நேரில் பார்க்க வருவதாகக் கடிதம் வந்தது. கேடு அங்கே ஆரம்பித்தது.

குழு வருவதற்குப் பத்து நாள் முன்னால் ராஜமாணிக்கம் கட்டம் எண் ஏழுக்கு வந்தார். அதுதான் முதல் தடவை. கயிற்றுக்கு வெளியே நின்று வெகுநேரம் பார்த்தார். அவர் முகம் சுருங்கிக்கொண்டே போயிற்று.

"இன்னாப்பா இது, ஒரே காடா இருக்கு" என்றார். "இயற்கை பாட்டுக்கு இயற்கையா இருந்தா, இதுல நம்ம பங்களிப்பு எங்கேன்னு கேப்பாங்க. பாக்கறவங்க கண்ணுக்கு மேலாண்மை தெரியணும்."

முதலில் தெரிந்தது தூசு. ஆலைகள் இருக்கும் பக்கமிருந்து காற்றடித்தால் இலைகளில் செங்கல் நிறத்தில் இரும்புத் தூசு படியும். அதை அறிக்கையில் குறிப்பிடலாமா என்று சாம்சன் கேட்டான். தூசுக்கு வேறு துறை இருக்கிறது, அவர்கள் மனம் புண்படும் என்று அன்புசெல்வன் சொன்னார். ஆகவே இலைகளைக் கழுவுவது என்று முடிவாயிற்று. இரண்டு டேங்கர் லாரித் தண்ணீர் வந்தது. சாம்சன் ஏணி வைத்து ஏறி, ஈரத் துணியால் வீரை மரத்தின் இலைகளை ஒவ்வொன்றாகத் துடைத்தான். அன்புசெல்வன் பின்னாலேயே வந்து வெள்ளைக் கைக்குட்டையால் தேய்த்துப் பார்த்து, சரி சரி என்று தலையாட்டினார்.

அடுத்து நிழல். வீரை மரம் கவிந்திருந்ததால் புகைப்படத்தில் எல்லாம் இருட்டாக விழுந்தது. நான்கு கிளையை வெட்டிப் பார்த்தார்கள். போதவில்லை. மரத்தையே எடுத்துவிடச் சொல்லி போன் வந்தது. மரம் போனதும், செடிகள் இடுப்புயரம் நிற்பதால் மஞ்சள் கம்புகள் கேமராவுக்குத் தெரியவில்லை என்று இன்னொரு போன். கட்டத்துக்குள் 'அடர்த்தியைச் சீர்செய்ய'ச் சொன்னார்கள். புல் வெட்டும் மெஷினும் ஒரு கேன் பெட்ரோலும் வந்து இறங்கின.

சாம்சன் மெஷினைத் தொடாமல் நின்றான். இதை எழுத்தில் கொடுக்க முடியுமா என்று கேட்டான்.

அன்புசெல்வன் அவனை இரக்கத்தோடு பார்த்தார். "எழுத்துல கேட்டா முடியாதுன்னுதான் எழுத்துல வரும், சாம்சன். செடிய வெட்டலாம்னு யாரு எழுதுவாங்க? வாயால சொன்னாத்தான் செய்ய முடியும்."

சாம்சன் வெட்டினான். மெஷின் ஓட ஆரம்பித்தால் பத்து மீட்டர் ஒரு தூரமே இல்லை. மூன்று மாதம் முன்னால் என்றால் அது வெறும் செடிகளை வெட்டுகிற வேலையாக இருந்திருக்கும். இப்போது பெயர் தெரிந்துவிட்டது. கொஞ்சி போயிற்று, காசா போயிற்று, தண்ணீர்விட்டான் கொடி பிளேடில் சுற்றிக்கொண்டு மெஷின் நின்றது. அதைக் கையால் பிரித்தெடுத்துவிட்டு மறுபடி இழுத்து ஸ்டார்ட் செய்தான். ஒன்றிரண்டு செடியை விட்டுவிடலாமா என்று நினைத்தான். விட்டால் ஏன் விட்டாய் என்று கேட்பார்கள், பதில் சொல்லத் தெரியாது என்று அதையும் வெட்டினான். மத்தியானத்துக்குள் முடிந்துவிட்டது. கையில் அந்த அதிர்வு மறுநாள்வரை இருந்தது.

தரை மொட்டையாகத் தெரியவே, நர்சரியிலிருந்து குரோட்டன்ஸ் தொட்டிகள் இருபது கொண்டுவந்து, தொட்டி வெளியே தெரியாமல் மண்ணில் புதைத்தார்கள். குழு வந்தது. தலைவருக்குத் தமிழ் தெரியாது. அவர் குரோட்டன்ஸைக் காட்டி இது இந்த மண்ணுக்கே உரியதா என்று ஆங்கிலத்தில் கேட்டார். வந்து கொஞ்ச நாள்தான் ஆகிறது, ஆனால் உள்ளூர்ச் சமுதாயத்தோடு நன்றாகக் கலந்துவிட்டது என்று ராஜமாணிக்கம் சொன்னார். குழு பதினோரு நிமிடம் நின்றது. தாவரங்களுக்கிடையே நல்ல இடைவெளி பேணப்படுகிறது என்று குறிப்பெழுதிவிட்டு மீஞ்சூர்ப் பக்கம் இன்னொரு ஆய்வுக்குப் போயிற்று.

இது நடந்த பத்து நாளும் கங்கம்மா ஊரில் இல்லை. வேப்பம்பட்டில் மகளுக்குப் பிரசவம் என்று போனவள் மழை முடிந்துதான் திரும்பினாள். சாம்சனுக்கு அது நிம்மதியாக இருந்தது. அப்படி நிம்மதியாக இருந்தது பற்றிப் பிறகு அவன் பல நாள் வெட்கப்பட்டான்.

ஐப்பசி மழை கொட்டித் தீர்த்தபின் கட்டத்தில் உண்ணிச்செடி மண்டியது. நிழலில் ஒதுங்கியிருந்தவை ஒன்றும் திரும்ப வரவில்லை. எண்ணியபோது பத்தொன்பது. குரோட்டன்ஸ் இரண்டு வகையையும் சேர்த்து.

அறுபத்து மூன்று பத்தொன்பதாகக் குறைந்தால் படிவத்தில் காரணம் எழுத வேண்டும். காரணங்கள் ஏற்கெனவே அச்சிடப்பட்டிருந்தன. ஒன்று, பொதுமக்கள் இடையூறு. இரண்டு, கால்நடை. மூன்று, வானிலை. இயக்ககம் என்று ஒரு காரணம் அதில் இல்லை. சாம்சன் அதைச் சுட்டிக்காட்டியபோது ராஜமாணிக்கம் அவனை உட்காரச் சொன்னார்.

"இயக்ககம் எதுக்கு இருக்கு? செடிகளைக் காப்பாத்த. காப்பாத்தறதுக்குன்னே இருக்கிற ஒண்ணால செடி குறைய முடியுமா? முடியாது. அதனாலதான் அந்தக் கட்டம் இல்ல" என்றார். கோபமே இல்லாமல், கணக்கு வாத்தியார் மாதிரி.

வானிலை என்று போடலாமே என்றான் சாம்சன். இந்த வருடம் மழை சரியாகப் பெய்ததற்கு இயக்ககமே பாராட்டுத் தீர்மானம் போட்டிருந்தது. கால்நடை என்று போட்டால் மாட்டின் கையெழுத்து வாங்க முடியாது. மிஞ்சியது பொதுமக்கள். பொதுமக்கள் என்றால் பெயர் வேண்டும். அன்புசெல்வன் தலையைக் குனிந்துகொண்டு களக்குறிப்பேட்டை மேசைமேல் வைத்தார். சாம்சனின் அழகான கையெழுத்தில், தேதியோடு, இருபத்திரண்டு முறை: கங்கம்மா வந்தார். நன்னாரி எடுத்தார்.

அவள் பெயர்தான் சொன்னாள், செடி எதையும் அழிக்கவில்லை என்றான் சாம்சன்.

"அந்தம்மாவுக்கு ஒண்ணும் ஆகாதுப்பா. பேப்பர்ல ஒரு பேரு வேணும், அவ்வளவுதான். பேரு இல்லாம இடையூறுன்னு எழுதினா, அது எங்கேந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. எங்கேந்து வந்துச்சுன்னு நமக்குத் தெரியும். அதனாலதான் வேற பேரு வேணும்னு சொல்றேன்" என்றார் ராஜமாணிக்கம்.

சாம்சனின் வேலையை இன்னொரு வருடத்துக்கு நீட்டிக்கும் தாளும், சாட்சியாக அவன் கையெழுத்திட வேண்டிய தாளும் ஒரே கிளிப்பில் இருந்தன. கழற்றித் தர முடியுமா என்று கேட்க அவனுக்குத் தைரியம் இல்லை. வாசலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த ஒன்றரை வருடம் ஞாபகம் வந்தது. இரண்டிலும் போட்டான்.

எட்டு நாள் கழித்து கங்கம்மா அவன் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் ஒரு நீளக் கவர். அவளுக்குப் படிக்கத் தெரியாது. மகள் வீட்டிலிருந்து திரும்பிக் காட்டுக்குள் கால் வைக்கும் முன்பே, தோண்டுகிற சிறுபாரையை யாரோ வந்து பிடுங்கிக்கொண்டு இதைக் கொடுத்துவிட்டுப் போனார்களாம். ஊரில் படித்தவர்கள் எத்தனையோ பேர் இருந்தும், காட்டு விஷயம் தெரிந்த ஆள் அவன்தான் என்று இரண்டு பஸ் மாறி வந்திருந்தாள்.

சாம்சன் நின்றுகொண்டே படித்தான். 'மாதிரிக் கட்டம் எண் ஏழில் நாற்பத்து நான்கு தாவர வகைகள் அழியக் காரணமான கங்கம்மா என்பவர்' என்று ஆரம்பித்தது. அவள் இனி காட்டுக்குள் நுழையக் கூடாது. வாராவாரம் திங்கட்கிழமை ஊத்துக்கோட்டையில் உள்ள இயக்ககத்தின் கிளை அலுவலகத்துக்கு வந்து பதிவேட்டில் ரேகை வைக்க வேண்டும். கட்டத்தில் மறுபடி அறுபத்து மூன்று வகையும் முளைக்கும்வரை இது தொடரும். படித்துக்கொண்டே வந்தவன் கடைசி வரிக்கு முந்தின வரியில் தடுமாறினான். 'நேரில் கண்ட சாட்சி' என்று போட்டு அவன் பெயர், அவன் அப்பா பெயர், அவன் கதவு எண்.

அதைத் தாண்டி, 'இப்படிக்கு, சிறப்பு அலுவலர்' என்று படித்து முடித்தான்.

நாற்பத்து நாலு செடி எப்படிச் செத்தது என்று கங்கம்மா கேட்டாள். அவன் மழை என்றான். பிறகு வெயில் என்றான். அவள் நம்பியதாகத்தான் தெரிந்தது.

"நான் அழிச்சேன்னு யாரு தம்பி சொன்னது?"

"ஆபீஸ் ஆளு யாரோ போலகீது அக்கா" என்றான்.

கிறிஸ்டினா உள்ளேயிருந்து டீ கொண்டுவந்தாள். கங்கம்மா குடித்துவிட்டு, படித்துச் சொன்னதற்கு நன்றி சொல்லிவிட்டுப் போனாள். மடியிலிருந்து ஒரு சின்ன நன்னாரி வேர்க்கட்டை எடுத்து, பானைத் தண்ணீரில் போட்டு வைக்கச் சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

அந்த ஞாயிறு சர்ச்சில், குற்றத்தை மறைத்துக்கொண்டு வாங்கக் கூடாத திருவிருந்து அப்பத்துக்கு அவர்கள் வரிசை எழுந்தபோது சாம்சன் எழவில்லை. கால் வலி என்றான். அடுத்த மாதமும் எழவில்லை. கிறிஸ்டினா வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு, கால் வலிக்காரன் சைக்கிளில் காட்டுக்குப் போய்வருவது எப்படி என்று கேட்டாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். அவள் திட்டவில்லை. எழுதிக் கொடு என்றாள்.

எழுதிக் கொடுத்தான். 'கட்டம் எண் ஏழில் செடிகளை மெஷின் வைத்து வெட்டியவன் நான். கங்கம்மா நிரபராதி.' இயக்ககத்தில் இந்தக் கடிதத்தை எந்தப் பிரிவில் சேர்ப்பது என்று இரண்டு வாரம் தெரியவில்லை. குற்றச்சாட்டுக்குத் தனிப் பிரிவு இருந்தது. ஆனால் குற்றம் சாட்டியவரும் சாட்டப்பட்டவரும் ஒருவராக இருக்கக் கூடாது என்பது விதி. ஆதாரம் கேட்டார்கள். புல் வெட்டும் மெஷினைப் பாருங்கள் என்றான். பதிவேட்டின்படி அந்த மெஷின் அன்று அலுவலக வளாகத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தது. மாடியில் இயங்கும் அலுவலகத்துக்குப் புல் எங்கே இருக்கிறது என்று சாம்சன் கேட்டான். அதுதான் வெட்டியாயிற்றே என்றார்கள். கடைசியில் கடிதம் 'பணியாளர்களின் ஆக்கபூர்வமான ஆலோசனைகள்' என்ற ஃபைலில் சேர்க்கப்பட்டு, பெற்றுக்கொண்டதற்கு ரசீதும் வந்தது.

பிறகு அவன் வேறு வழி பார்த்தான். அடுத்த மாதப் படிவத்தில் அறுபத்து மூன்று என்று எழுதினான். எழுதினால் அவள் விடுபட்டுவிடுவாள் அல்லவா. படிவம் திரும்பி வந்தது. இவ்வளவு சீக்கிரம் முளைத்தால் இடையூறு பெரியதாக இல்லை என்றாகிவிடும், ஏற்கெனவே விருது அறிவித்தாயிற்று என்று ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது.

விருது அவனுக்குத்தான். தாவர அழிவுக்கான காரணத்தைத் துணிந்து வெளிக்கொண்டுவந்தவருக்கு 'வனத்தின் கண்' என்ற பட்டயம். கும்மிடிப்பூண்டியில் ஒரு கல்யாண மண்டபத்தில் விழா. மேடையில் குரோட்டன்ஸ் தொட்டிகள். சாம்சனுக்குப் பொன்னாடை போர்த்தி மைக்கைக் கொடுத்தார்கள். அவன் பத்து நாளாக மனதுக்குள் சொல்லிப் பார்த்திருந்ததைச் சொன்னான்.

"ஏழாம் நம்பர் கட்டத்துல செடிய வெட்டினது நான்தாங்க. ஆபீசுல சொன்னாங்க, வெட்டினேன். கங்கம்மா அக்கா ஒரு செடியக் கூட அழிக்கல. நான் போட்டது பொய்க் கையெழுத்து."

ராஜமாணிக்கம் எழுந்து வந்து அவன் தோளை அணைத்துக்கொண்டு மைக்கை வாங்கினார். அவர் கண்கள் உண்மையிலேயே கலங்கியிருந்தன.

"பாத்தீங்களா இந்த மனச? எங்கயோ ஒரு செடி செத்தா, நான்தான் கொன்னேன்னு துடிக்கிறாரு. எவனோ செஞ்ச தப்பைத் தன் தலையில தூக்கிப் போட்டுக்கிறாரு. இந்தக் குற்ற உணர்ச்சி தானா வராது. ஒரு வருசமா பயிற்சி குடுத்து வளர்த்திருக்கோம். மேல இருக்கிறவங்களுக்கு இது தேவையில்ல. கீழ இருக்கிற ஒவ்வொருத்தருக்கும் இது இருந்தா, இயக்ககத்துக்கு வேற எதுவுமே வேண்டாம்."

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. முன்வரிசையில் ஒரு அம்மாள் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். அடுத்த வாரமே சாம்சனைக் களப்பணியிலிருந்து விடுவித்து, மற்ற பணியாளர்களுக்குப் பொறுப்புணர்ச்சி பற்றி வகுப்பெடுக்கும் பயிற்றுநராக நியமித்து ஆணை வந்தது.

ஆணையை அவன் கிறிஸ்டினாவிடம் காட்டினான். எங்கெங்கே சொல்லவேண்டுமோ அங்கெல்லாம் சொல்லிவிட்டேன், இதற்கு மேல் என்ன செய்ய என்றான். அவள் மறுநாளைக்குச் சோற்று டப்பாவைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஆபீசுக்கு எழுதின. மேடையில சொன்ன. அந்தக்காவுக்குச் சொன்னியா?"

இல்லை. அதைத் தவிர எல்லாவற்றையும் செய்திருந்தான்.

மறுநாள் கங்கம்மாவின் ஊருக்குப் போனான். அவள் வீட்டு முன்னால் தரையில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். காட்டுக்குள் போக முடியாததால் இப்போது கிலோ கணக்கில் புளி வாங்கிக் கொட்டை எடுத்துக் கொடுக்கிற வேலை. அவன் உட்காரவில்லை. இலைகளைக் கழுவியதிலிருந்து ஆரம்பித்து, வீரை மரம், மெஷின், குறிப்பேடு, ஒரே கிளிப்பில் இருந்த இரண்டு தாள் என்று ஒன்று விடாமல் சொன்னான். அவள் கை நிற்கவில்லை. கொட்டை ஒரு பக்கம், புளி ஒரு பக்கம் விழுந்துகொண்டே இருந்தது. முடித்ததும் நிமிர்ந்து பார்த்தாள்.

"அன்னிக்கி ஊட்டாண்ட வந்தேனே. காயிதத்துல உம் பேரு இருந்துச்சா?"

"இருந்துச்சு அக்கா."

"தாண்டிப் படிச்சியா?"

"ஆமா."

கங்கம்மா புளி ஒட்டிய கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"செடிய வெட்டச் சொன்னாங்க, வெட்டின. கையெழுத்து போடச் சொன்னாங்க, போட்ட. வயித்துப் பொழப்பு, அத்த உடு. தாண்டிப் படிக்கச் சொல்லி உன்கிட்ட யாரு தம்பி சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. அது ஒன்று மட்டும் அவன் தானாகச் செய்தது. அதற்கு வாய்மொழி உத்தரவு கூட இல்லை. சாம்சன் அங்கேயே நின்றான். அவள் புளியைக் கூடையில் அள்ளிக்கொண்டு உள்ளே போனாள்.

பயிற்றுநர் வேலையை அவன் ஏற்கவில்லை. மீஞ்சூர்ப் பக்கம் ஒரு கிடங்கில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலை கிடைத்தது. ஞாயிறு ஓவர்டைம் பார்த்துக்கொள்கிறேன், திங்கட்கிழமை காலை மட்டும் விடுங்கள் என்று கேட்டு வாங்கிக்கொண்டான். கட்டம் எண் ஏழை எண்ணப் புதிதாக யாரையும் போடவில்லை. போட்டாலும் களாவையும் சூரையையும் பிரித்துச் சொல்ல அங்கே ஆள் இல்லை. சொல்லத் தெரிந்தவள் உள்ளே போகக் கூடாது. அறுபத்து மூன்று முளைத்துவிட்டதா என்று யாருக்கும் தெரியப்போவதில்லை. ஆகவே அவளுடைய திங்கட்கிழமைகளுக்கு முடிவு என்று ஒன்று இல்லை.

ஒரு திங்கட்கிழமை அவன் அவள் ஊர் நிறுத்தத்தில் காத்திருந்து அதே ஷேர் ஆட்டோவில் ஏறினான். அவள் ஒருமுறை பார்த்துவிட்டு வெளியே திரும்பிக்கொண்டாள். ஊத்துக்கோட்டையில் இறங்கி நடந்தபோது பத்தடி பின்னாலேயே போனான்.

கிளை அலுவலகத்தில் அன்புசெல்வன் இருந்தார். விழாவில் கைதட்டாமல் உட்கார்ந்திருந்ததை யாரோ கவனித்துவிட்டார்கள். மாற்றல் ஆகி இரண்டு மாதம். சாம்சனைப் பார்த்ததும் எழுந்தே விட்டார். தன் பெயரையும் அதே பதிவேட்டில் எழுதிக்கொள்ளுங்கள், அவளுக்கு மேலே எழுதுங்கள் என்று சாம்சன் கேட்டான். அன்புசெல்வன் பதிவேட்டை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்தார். இடையூறு செய்தவர் என்று எழுத ஆணை எண் வேண்டும். அவன் பெயரில் இருப்பது விருது ஆணைதான்.

வெகுநேரம் தேடியபின், 'உடன் வந்தவர்' என்று ஒரு பத்தி இருப்பதைக் கண்டுபிடித்தார். அதில் எழுதலாம், தடையில்லை என்றார். பெயர் எழுதினார். வயது எழுதினார். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

"உறவுமுறைன்னு கேட்டிருக்கு" என்றார் கங்கம்மாவிடம், மெதுவாக. "இவரு உங்களுக்கு இன்னா வேணும்மா?"

கங்கம்மா மை ஒட்டிய கட்டைவிரலைச் சுவரில் தேய்த்தாள். சாம்சன் பக்கம் திரும்பவில்லை.

"சாட்சின்னு எழுதிக்கோ நைனா" என்றாள்.

அன்புசெல்வன் அப்படியே எழுதிப் பதிவேட்டை அவன் பக்கம் திருப்பினார். சாம்சன் அந்த வரியை ஒரு சொல் விடாமல் அவளுக்குப் படித்துக் காட்டிவிட்டு, அதன் அடியில் கையெழுத்துப் போட்டான்.